ஜனாதிபதி வேலைக்கு லிங்கன் எழுதிக் கொடுத்த கதை

மற்றக் கம்பெனிகளுக்கு யோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் சில உண்டு. கன்சல்டிங் கம்பெனிகள் என்று அவற்றுக்குப் பெயர். அங்கே வேலைக்குப் பேட்டிக்குப் போகிறவர்களிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். நாலு பேருக்குத் தலைமை தாங்கி நடத்திய சம்பவம் ஒன்றைச் சொல்லச் சொல்கிறார்கள்.

கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்குப் பதில் தேடி வீடே திண்டாடும்.

கல்லூரித் தேர்தலில் ஜெயித்ததைச் சொல்லச் சொல்வார் அப்பா. மழை வெள்ளத்தின்போது தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகச் சோற்றுப் பொட்டலம் கொடுத்ததைச் சொல்லச் சொல்வார் அம்மா. எதைச் சொன்னாலும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும்படி புத்தி சொல்வார் மாமா. பேட்டிக்குப் போகிற பிள்ளைக்கு இரவெல்லாம் தூக்கம் வராது.

இந்தத் திண்டாட்டம் இன்று வந்தது அல்ல. 1859-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவில் ஒரு வக்கீலுக்கும் இது வந்தது. அவர் விரும்பிய வேலை, அந்த நாட்டிலேயே பெரிய வேலை. ஜனாதிபதி வேலை!

அந்த வக்கீல் பெயர் ஆபிரகாம் லிங்கன்.

அவருக்கு ஒரு நண்பர் இருந்தார். ஜெஸ்ஸி பெல் என்று பெயர். லிங்கனை ஜனாதிபதி ஆக்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் கிழக்குச் சீமையில் லிங்கனை யாருக்குத் தெரியும்? பிறந்தது எங்கே, படித்தது என்ன, செய்தது என்ன என்று பத்திரிகையில் போட வேண்டாமா? ஆகவே, சொந்தக் கதையைச் சுருக்கமாக எழுதித் தரும்படி பெல் கேட்டார்.

லிங்கன் எழுதிக் கொடுத்தார். அது மிகச் சின்னக் குறிப்பு. 50 ஆண்டு வாழ்க்கை அதற்குள் அடங்கிவிட்டது.

அதில் அவர் எந்தக் கதையைச் சொன்னார்? எதை விட்டார்? அதைத் தெரிந்துகொள்ள அவர் வாழ்க்கையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

மரக் குடிசையில் பிறந்தவர்

1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, கெண்டக்கி மாகாணத்தில் ஒரு மரக் குடிசையில் லிங்கன் பிறந்தார். அந்தக் குடிசைக்கு ஒரே அறை. தகப்பனார் தாமஸ் லிங்கன் விவசாயி. தச்சு வேலையும் செய்வார்.

பையனுக்கு ஏழு வயது ஆனபோது குடும்பம் இந்தியானா மாகாணத்துக்குப் போயிற்று. அங்கே கரடிகள் திரியும் காடு. காட்டை வெட்டினால்தான் வயல். சின்னப் பையன் கையில் கோடாரியைக் கொடுத்தார்கள். 22 வயது வரையில் அந்தக் கை உழைத்துக்கொண்டே இருந்தது.

ஒன்பது வயதில் தாயார் நான்சி இறந்துபோனார். விஷச் செடியை மேய்ந்த மாட்டின் பாலைக் குடித்தால் வருகிற நோய். அந்த நாளில் அதற்குக் காரணமும் தெரியாது, மருந்தும் கிடையாது.

அடுத்த ஆண்டே தகப்பனார் மறுமணம் செய்துகொண்டார். வந்தவர் பெயர் சாரா. மூன்று குழந்தைகளுக்குத் தாயான விதவை. சிற்றன்னை என்றாலே நமக்கு ஒரு பயம் உண்டு. ஆனால் இந்தச் சிற்றன்னை பையனைத் தன் வயிற்றில் பிறந்த பிள்ளையைப்போல வளர்த்தார். அவன் புத்தகமும் கையுமாக இருந்தால் தடுக்க மாட்டார். கடைசி வரையில் லிங்கனுக்கு அந்த அம்மாவிடம் பாசம் குறையவே இல்லை.

பள்ளிக்கூடம்? எல்லாம் சேர்த்துக் கூட்டினால் ஒரு வருடம்கூடத் தேறாது. எழுதத் தெரியும், படிக்கத் தெரியும், கொஞ்சம் கணக்குத் தெரியும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் இரவல் புத்தகத்தில் படித்தது.

1830-ம் ஆண்டு குடும்பம் மறுபடியும் மூட்டை கட்டியது. இந்தத் தடவை இல்லினாய்ஸ் மாகாணம். மறு ஆண்டு லிங்கன் வீட்டைவிட்டுத் தனியே கிளம்பினார். நியூ சேலம் என்ற கிராமத்தில் ஒரு கடையில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

அந்த ஊரின் பக்கத்தில் முரட்டு வாலிபர் கூட்டம் ஒன்று இருந்தது. ஜாக் ஆம்ஸ்டிராங் என்பவன் அதற்குத் தலைவன். புதிதாக வருகிற ஆளை மல்யுத்தத்துக்கு இழுப்பது அவர்கள் வழக்கம். ஆறடிக்கு மேல் நாலு அங்குலம் வளர்ந்த குமாஸ்தாவைச் சும்மா விடுவார்களா? மல்யுத்தம் நடந்தது. யார் ஜெயித்தார் என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் அன்று முதல் ஜாக்கும் லிங்கனும் உயிர்ச் சிநேகிதர்கள். அதில் சந்தேகம் இல்லை.

யார் பக்கத்தில் நிற்பது?

1832-ம் ஆண்டு பிறந்தது. லிங்கனுக்கு 23 வயது. வேலை பார்த்த கடை படுத்துவிடும்போல இருந்தது. அப்படியும் மனுஷருக்குத் துணிச்சல் போகவில்லை. மாகாணச் சட்டசபைக்கு நிற்கப் போவதாக மார்ச் மாதம் அறிக்கை விட்டார்.

ஏப்ரல் மாதம் யுத்தச் செய்தி வந்தது.

சாக் என்று ஒரு பழங்குடி. அவர்களுடைய தலைவர்களில் ஒருவர் கரும்பருந்து. இல்லினாயிஸில் அவர்கள் வாழ்ந்த நிலத்தை, 1804-ம் ஆண்டு செய்த ஓர் ஒப்பந்தத்தைக் காட்டி வெள்ளையர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தம் செல்லாது என்றார் கரும்பருந்து. பெண்டு பிள்ளைகள் உட்பட ஏறக்குறைய ஆயிரம் பேருடன் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டிப் பழைய இடத்துக்கே திரும்பி வந்தார்.

உடனே கவர்னர் தொண்டர் படைக்கு ஆள் கேட்டார். நியூ சேலம் வாலிபர்கள் பெயர் கொடுத்தார்கள். லிங்கனும் கொடுத்தார்.

படைக்கு ஒரு காப்டன் வேண்டும். மேலே இருந்து யாரும் நியமிக்கவில்லை. சேர்ந்தவர்களே தேர்ந்தெடுக்க வேண்டியது. ஓட்டுச் சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. போட்டியிடுகிற இருவரும் வெளியே வந்து தனித்தனியாக நிற்க வேண்டும். யாருக்கு யார் வேண்டுமோ அவர் அருகில் போய் நிற்க வேண்டும்.

ஒரு பக்கம் கிர்க்பாட்ரிக் நின்றார். அவர் மர அறுவை மில்லுக்குச் சொந்தக்காரர். கையில் காசு உள்ளவர்.

மறு பக்கம் லிங்கன் நின்றார். சொந்தமாக ஒன்றும் இல்லாத கடைக் குமாஸ்தா.

அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். திறந்த வெளி. ஒளிவு மறைவு கிடையாது. ஒருவர் பக்கத்திலும் யாரும் வராவிட்டால் அத்தனை பேர் முன்னிலையிலும் தனி மரமாக நிற்க வேண்டியதுதான்.

ஆட்கள் நகர்ந்தார்கள். நாலில் மூன்று பங்குப் பேர் லிங்கன் பக்கம் போய் நின்றதாக அங்கே இருந்தவர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். கிர்க்பாட்ரிக் பக்கம் நின்றவர்களிலும் சிலர் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்துவிட்டார்களாம்.

லிங்கன் காப்டன் ஆனார். ஜாக் ஆம்ஸ்டிராங் அவருக்கு அடுத்த சார்ஜெண்டு.

மரக் கத்தி கட்டிய காப்டன்

காப்டனுக்குப் பட்டாள வேலை தெரியுமா? தெரியாது!

ஒரு நாள் அணிவகுத்துப் போகும்போது எதிரே ஒரு வேலி. அதில் ஒரு சின்ன வழி. ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும். அகலமாக வருகிற வரிசையை நீளமாகத் திருப்புவதற்குப் பட்டாளத்தில் ஓர் உத்தரவு உண்டு. அது காப்டனுக்கு மறந்துபோயிற்று. வேலியோ நெருங்கிக்கொண்டே வருகிறது. லிங்கன் என்ன செய்தார் தெரியுமா? படை இரண்டு நிமிஷத்துக்குக் கலையலாம், பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து சேர வேண்டும் என்று உத்தரவு போட்டார். படை அப்படியே செய்தது. இந்தக் கதையைப் பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆட்களும் அடங்கின ஆட்கள் அல்ல. காப்டனுடைய முதல் உத்தரவுக்கே ஒருவன் வசவைப் பதிலாகச் சொன்னான் என்பார்கள். இன்னொரு நாள் அதிகாரிகளுக்கு வைத்திருந்த சாராயத்தை அவர்கள் இரவோடு இரவாகத் திருடிக் குடித்துவிட்டார்கள். விடிந்ததும் பாதிப் பேரால் எழுந்து நடக்க முடியவில்லை. தண்டனை யாருக்கு? காப்டனுக்கு! இரண்டு நாள் அவர் இடுப்பில் மரக் கத்தியைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டியதாயிற்று.

இப்படிச் சிரிப்புக்கு இடமாக இருந்த காப்டன் ஒரு நாள் வேறு மாதிரி நின்றார்.

முகாமுக்குள் கிழவர் ஒருவர் வந்தார். பழங்குடி மனிதர். கையில் ஆயுதம் இல்லை. தான் நல்லவன் என்று வெள்ளை அதிகாரி எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று இருந்தது. ஆட்கள் அதை நம்பவில்லை. வேவு பார்க்க வந்தவன், கொல்ல வேண்டும் என்று கூச்சல் போட்டார்கள். துப்பாக்கிகள் உயர்ந்தன.

லிங்கன் நடுவில் போய் நின்றார். கிழவரைத் தொடக் கூடாது என்றார். காப்டன் கோழை என்று யாரோ சொன்னார்கள். சந்தேகம் உள்ளவன் முன்னால் வந்து பார்க்கட்டும் என்று லிங்கன் சட்டைக் கையைச் சுருட்டினார். ஒருவரும் வரவில்லை. கிழவர் உயிரோடு போனார்.

உடன் இருந்தவர்கள், லிங்கன் இறந்த பிறகு, அவர் வரலாற்றைச் சேகரித்தவர்களிடம் இதைச் சொன்னார்கள். ஓட்டுப் போட்டு உயர்த்தியவர்களையே எதிர்த்து நின்றார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மே மாதக் கடைசியில் படை கலைந்தது. காப்டன் பதவியும் போயிற்று. ஊரில் வேலை இல்லை. சாதாரணச் சிப்பாயாக மறுபடியும் சேர்ந்தார். ஒரு நாள்கூட அவர் சண்டை போடவில்லை. சண்டையில் இறந்தவர்களைப் புதைக்க மட்டும் ஓர் இடத்தில் உதவி செய்தார். ஜூலை 10-ந் தேதி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். குதிரை திருட்டுப்போய்விட்டதால் நடந்தும் ஓடத்திலுமாக ஊர் திரும்பினார்.

ஆகஸ்டு தொடக்கத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் அந்த யுத்தம் முடிந்தது. யுத்தம் என்று சொல்லலாகாது; படுகொலை. ஆற்றைத் தாண்டித் தப்பப் பார்த்த பெண்களும் குழந்தைகளும்கூடச் சுடப்பட்டார்கள். கரும்பருந்தோடு வந்த ஆயிரம் பேரில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

அதே மாதம் 6-ந் தேதி சட்டசபைத் தேர்தல். 13 பேர் நின்றார்கள். லிங்கன் எட்டாவதாக வந்து தோற்றார். ஆனால் நியூ சேலத்தில் பதிவான 300 ஓட்டில் 277 அவருக்கு விழுந்திருந்தது. தெரிந்தவர்கள் கைவிடவில்லை!

வேலை தேடித் தோற்றவர்

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம்.

கூட்டாளியோடு கடை வைத்தார். கடை மூழ்கியது. கூட்டாளியும் இறந்தார். கடனெல்லாம் லிங்கன் தலையில் விழுந்தது. ஊரை விட்டு ஓடாமல் பல ஆண்டு உழைத்து அடைத்தார். தபால் அதிகாரியாக இருந்தார். நிலம் அளந்தார். 1834-ம் ஆண்டு சட்டசபைக்கு ஜெயித்தார். தொடர்ந்து நாலு தடவை ஜெயித்தார். தானாகவே சட்டம் படித்து வக்கீல் ஆனார். 1842-ம் ஆண்டு மேரி டாட் என்ற பெண்ணை மணந்தார். 1847 முதல் 1849 வரையில் காங்கிரஸ் சபையில், அதாவது அமெரிக்கப் பார்லிமெண்டில், அங்கத்தினர்.

அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. 1848-ம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் எதிர்க்கட்சியின் அபேட்சகர் ஒரு பழைய தளபதி. அவருடைய வீரப் பிரதாபத்தைக் கட்சிக்காரர்கள் ஊதிப் பெருக்கினார்கள். லிங்கன் எழுந்தார். தானும் ஒரு யுத்த வீரன்தான் என்றார். காட்டு வெங்காயத்தின்மேல் பாய்ந்ததையும், கொசுக்களோடு போராடி ரத்தம் சிந்தியதையும் விவரித்தார். சபை சிரித்தது. காப்டனாக இருந்த கதையை அவர் அன்று பெருமைக்குச் சொல்லவில்லை, பொய்ப் பெருமையைக் கிழிப்பதற்குச் சொன்னார்.

பதவிக் காலம் முடிந்ததும், சர்க்கார் நிலங்களுக்கெல்லாம் தலைமை அதிகாரியான கமிஷனர் வேலை காலியாயிற்று. முதலில் வேறு ஒருவருக்குச் சிபாரிசு செய்தார். பிறகு தானே கேட்டார். நண்பர்களிடம் சிபாரிசுக் கடிதங்கள் வாங்கினார். தலைநகருக்கே போய்க் காத்திருந்தார். வேலை வேறொரு வக்கீலுக்குக் கிடைத்தது. ஓரிகன் என்ற தூரப் பிரதேசத்துக்கு அதிகாரியாகப் போகச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் கறுப்புக் கோட்டை மாட்டினார்.

வேலை தேடிப் படியேறி வெறுங்கையோடு திரும்புகிற வேதனை லிங்கனுக்கும் தெரியும்.

1854-ம் ஆண்டு, அடிமை முறை புதுப் பிரதேசங்களுக்குப் பரவ வழி விடும் சட்டம் வந்தது. லிங்கன் கொதித்து எழுந்தார். 1858-ம் ஆண்டு செனட் சபை ஸ்தானத்துக்காக, டக்ளஸ் என்ற பெரிய தலைவரோடு ஏழு ஊர்களில் விவாதம் நடத்தினார். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடினார்கள். பத்திரிகைகள் வரிக்கு வரி போட்டன. ஸ்தானம் டக்ளசுக்குப் போயிற்று. ஆனால் புகழ் லிங்கனுக்கும் வந்தது.

அந்தப் புகழைக் கண்டுதான் பெல் என்ற நண்பர் சொந்தக் கதையைக் கேட்டார்.

எழுதியதும் எழுதாததும்

1859-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி லிங்கன் அதை அனுப்பினார். தன்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதனால் குறிப்பும் அதிகம் இல்லை என்று கூடவே ஒரு கடிதம். இதை வைத்து ஏதாவது எழுதினால் அடக்கமாக எழுத வேண்டும், உள்ளதற்கு மேலே போகக் கூடாது என்றும் அதில் கேட்டுக்கொண்டார்.

கொஞ்சம் கூட்டிச் சொல்லச் சொன்ன மாமாவை இங்கே நினைத்துக்கொள்ளலாம்!

குறிப்பில் என்ன இருந்தது? பெற்றோர் சாதாரணக் குடும்பம் என்று இருந்தது. படிப்புக் குறைவு என்று இருந்தது. வக்கீல் ஆனது, சட்டசபைக்குப் போனது எல்லாம் ஒவ்வொரு வரியில் ஓடிவிட்டன. டக்ளசோடு நடத்திய விவாதம்? ஒரு வார்த்தை இல்லை. 1854-க்குப் பிறகு செய்தது எல்லோருக்கும் தெரியும் என்று எழுதி முடித்துவிட்டார். ஆற்றில் தரை தட்டிய படகைத் தூக்கிவிட ஒரு சாதனம் கண்டுபிடித்து 1849-ம் ஆண்டு காப்புரிமை வாங்கினாரே, அது? அதுவும் இல்லை. மேரி அம்மாளும் பிள்ளைகளும்கூட இல்லை. வீட்டில் அதற்கு என்ன பதில் சொன்னாரோ!

கடைசியில் உயரம், எடை, தலைமயிர், கண்ணின் நிறம் எழுதி, வேறு அடையாளம் ஏதும் நினைவில் இல்லை என்று முடித்திருந்தார். நம் ஊர்ப் பள்ளிச் சான்றிதழில் மச்ச அடையாளம் எழுதுவதுபோல.

ஆனால் தலைமை தாங்கிய கதை ஒன்று அதில் இருக்கிறது. 23 வயதில் தொண்டர் படைக்குக் காப்டனாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கதை. அதற்குப் பிறகு கிடைத்த எந்த வெற்றியும் அவ்வளவு சந்தோஷம் தரவில்லை என்று எழுதினார். நாலு தடவை சட்டசபைக்கு ஜெயித்தவர், காங்கிரஸ் சபைக்குப் போனவர் இப்படி எழுதினார்! அதோடு விடவில்லை. அதே ஆண்டு தேர்தலில் தோற்றேன் என்று அந்த வரியை ஒட்டியே எழுதினார்.

இது தற்செயலாக வந்து விழுந்த வரி அல்ல. 1858-ம் ஆண்டு காங்கிரஸ் அங்கத்தினர் அகராதிக்கு நாலைந்து வரி விவரம் கேட்டார்கள். அந்த நாலைந்து வரியிலும் காப்டன் வேலை உண்டு. ஜனாதிபதிப் பதவிக்குக் கட்சி அவரை நிறுத்திய பிறகு, 1860-ம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்கிரிப்ஸ் என்ற பத்திரிகாசிரியருக்கு நீண்ட குறிப்பு ஒன்று எழுதினார். அதிலும் இதே சந்தோஷத்தைச் சொன்னார்.

ஏன் இந்தக் கதை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மற்றப் பதவிகள் கட்சியாலும் பேச்சாலும் வந்தவை. காப்டன் பதவி அப்படி அல்ல. கூடப் பழகியவர்கள், மல்யுத்தத்தில் பார்த்தவர்கள், கடையில் சில்லறை வாங்கியவர்கள் தங்கள் காலால் நடந்து வந்து பக்கத்தில் நின்றார்கள். குறுக்கு விசாரணைக்கும் அது தாங்கும். எத்தனை பேர் இருந்தார்கள், எதிரே நின்றவர் யார், காப்டன் செய்த தவறு என்ன என்று யார் கேட்டாலும் பதில் சொல்ல அவரிடம் விஷயம் இருந்தது. இன்றைய பேட்டியிலும் முதல் கேள்வியைவிட அதன் பின்னால் வருகிற இந்தத் துணைக் கேள்விகளில்தான் பலர் விழுகிறார்கள். வேறு ஒருவர் செய்ததைத் தன் கணக்கில் எழுதியவர்கள் அங்கே திணறிப்போவார்கள்.

இன்னொன்றும் உண்டு. நானாக இருந்தால் அந்தக் கிழவரைக் காப்பாற்றிய கதையைத்தான் எழுதியிருப்பேன். அதைவிடத் தலைமைக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? லிங்கன் அதை எழுதவே இல்லை. பெல்லுக்கு எழுதிய குறிப்பில், தன் பாட்டனாரைப் பழங்குடியினர் கொன்றதை எழுதினார். அதைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர், ஒரு பழங்குடிக் கிழவருக்கு முன்னால் அரணாக நின்றதை எழுதவில்லை. பார்த்தவர்கள் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

மற்றவர்கள் தேர்ந்தெடுத்த கதை

அவருடைய கட்சிக்காரர்களுக்கு வேறு கதை வேண்டியிருந்தது. 1860-ம் ஆண்டு மே மாதம், டிகேடர் என்ற ஊரில் மாகாண மகாநாடு. ஜான் ஹாங்ஸ் என்ற உறவினர் இரண்டு வேலி மரங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். லிங்கன் இளமையில் பிளந்த மரங்கள் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. லிங்கனைக் கேட்டார்கள். இந்த மரங்களைத்தான் பிளந்தேனா என்று தெரியாது, இதைவிட நல்ல மரங்கள் நிறையப் பிளந்திருக்கிறேன் என்று சொன்னார். ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யார் மறுக்கப் போகிறார்கள்?

மே 18-ந் தேதி சிகாகோவில் மூன்றாவது சுற்று ஓட்டெடுப்பில் கட்சி லிங்கனைத் தேர்ந்தெடுத்தது. அவரைவிடப் பெரிய பெயர் உள்ள சீவர்டு, சேஸ், பேட்ஸ் மூவரும் தோற்றார்கள். நவம்பரில் லிங்கன் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார். தோற்ற மூவரையும் கூப்பிட்டு மந்திரிகள் ஆக்கினார்.

உள்நாட்டு யுத்தம் மூண்டது. மரக் கத்தி கட்டியவர், லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குத் தலைவர் ஆனார். 1863-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, கலகம் செய்த மாகாணங்களில் அடிமைகள் விடுதலை பெற்றதாகப் பிரகடனம் செய்தார்.

1864-ம் ஆண்டு மறுபடியும் தேர்தல். எதிர்த்து நின்றவர் மெக்லெல்லன். சிப்பாய்கள் உயிராக நேசித்த பழைய தளபதி. யுத்தத்தை நிறுத்தி வீட்டுக்குப் போகலாம் என்பது அவருடைய கட்சியின் திட்டம். குண்டுக்கு நடுவே நிற்கிற சிப்பாய் யாருக்கு ஓட்டுப் போடுவான்? பல மாகாணங்களில் சிப்பாய்களின் ஓட்டைத் தனியே எண்ணினார்கள். நாலில் மூன்று பங்குக்கு மேல் லிங்கனுக்கு விழுந்திருந்தது.

1865-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு, நாடகக் கொட்டகையில் ஒருவன் அவரைச் சுட்டான். மறுநாள் காலை உயிர் பிரிந்தது.

கரும்பருந்து யுத்தத்தில் சேவை செய்ததற்காகச் சர்க்கார் அவருக்கு 160 ஏக்கர் நிலம் கொடுத்திருந்தது. அயோவா மாகாணத்தில் இரண்டு இடங்களில் அது இருந்தது. அதை அவர் உழவும் இல்லை, விற்கவும் இல்லை. இறந்த அன்றும் அது அவர் பெயரிலேயே இருந்தது.